புதைவடமும் உழைப்பாளியின் உயிரும்

மருதமுனைத் தறிக்காரரும் பாண்டிருப்பு மாணவரும் விளக்கை ஏற்றும்போது அவ்வொளியின் பின்னுள்ள உழைப்பை எண்ணுவது அரிது. 1969இல் இலங்கை மின்சார சபை நிறுவப்பட்டபின் விரிந்த வலையமைப்பில், நகரங்களின் 11 கிலோவோல்ற் வடங்கள் பல நிலத்தடியிற் செல்கின்றன. மேற்கம்பி அறுந்தால் கண்ணுக்குத் தெரியும். புதைவடம் பழுதுற்றால் கருவிகொண்டே தேடவேண்டும். அக்கருவியே உயிரைப் பறிக்கவும் வல்லது.

முதலில் வடத்தினுள் சிறு மின்துடிப்பு அனுப்பப்படும். பழுதிடத்திற் பட்டு அது மீளும் நேரத்தைக்கொண்டு தூரம் கணிக்கப்படும். குறுக்கிணைப்புப் பொலித்தீன் காவலிட்ட வடத்தில் துடிப்பு மைக்குரோ செக்கனுக்கு ஏறத்தாழ 160 மீற்றர் செல்லும். 10 மைக்குரோ செக்கனில் மீண்டால் பழுது ஏறக்குறைய 800 மீற்றரில் உள்ளது. அடுத்து, கொள்ளளவியிற் சேமித்த மின்னேற்றம் வடத்தினுட் பாய்ச்சப்படும். பழுதிடத்தில் எழும் அதிர்வொலியை நிலத்தின்மேல் நின்று கேட்டறிவர். 20 கிலோவோல்ற்றில் ஏற்றிய 10 மைக்குரோபரட் கொள்ளளவி 2000 யூல் சத்தியைக் கொண்டது.

வடமும் ஒரு கொள்ளளவியே என்பதால், கருவியை நிறுத்திய பின்னரும் அதில் ஏற்றம் எஞ்சும். ஒருமுறை இறக்கிவிட்டாலும் காவலிப்பொருள் உறிஞ்சிய ஏற்றம் மீண்டும் தலைதூக்கும். ஆகவே இருமுனைகளையும் துண்டித்துப் பூட்டுதல், மின்னின்மையைச் சோதித்தறிதல், கருவியின் புவியிணைப்பை முதலிற் பூட்டி இறுதியிற் கழற்றுதல், மறுமுனையிற் காவலாள் நிறுத்துதல், சோதனை முடிந்ததும் தடையுள்ள கோலால் ஏற்றத்தை இறக்கிப் பின் நேரடியாகப் புவியுடன் இணைத்துப் போதிய நேரம் காத்திருத்தல் ஆகியன இன்றியமையாதவை. உலர்மணல் நல்ல புவியிணைப்பைத் தராது; கரையோரத்தில் அதன் தடையை அளந்தே தொடங்குதல் வேண்டும்.

இவற்றுள் முதலிற் கைவிடப்படுவது காத்திருப்பே. வேலையை விரைந்து முடித்தால்தான் இலாபம் என்ற ஒப்பந்த முறையில், அந்நேரம் வீணாகக் கருதப்படுகின்றது. விபத்து நேர்ந்தபின் 'கவனக்குறைவு' என்ற சொல் தொழிலாளியின்மேற் சுமத்தப்படுகின்றது. 1867இல் வெளிவந்த 'மூலதனம்' முதற்பாகத்தில், நீண்டநேர வேலையாற் களைத்த இரயில்வே ஊழியர் விபத்துக்காக விசாரணைமுன் நிறுத்தப்பட்டதை மார்க்ஸ் எடுத்துக்காட்டினார். 1934ஆம் ஆண்டின் வேலையாள் நட்டஈட்டுச் சட்டம் இலங்கைத் தொழிலாளிக்குப் பயனுடையதே. ஆயினும் நட்டஈடு தீங்கு நேர்ந்தபின் வருவது.

எனவே பாதுகாப்பு தனிமனித ஒழுக்கம் மட்டுமன்று. அது உழைப்பு ஒழுங்கமைக்கப்படும் முறையைச் சார்ந்தது. புவிக்கோல் பூட்டிக் காத்திருக்கும் நேரம் கூலிக்குரிய உழைப்பு நேரமாக ஒப்பந்தத்திலேயே எழுதப்படல் வேண்டும்.