கலங்கல் நீரும் தேற்றாங்கொட்டையும்

2024-ம் வருஷம் டிசம்பர் மாத ஆரம்பத்தில் பெஞ்சல் புயலையொட்டித் தென்பெண்ணை பெருக்கெடுத்து, விழுப்புரம் ஜில்லாவின் பல கிராமங்களில் வெள்ளம் புகுந்தது. அத்தகைய காலங்களில் எங்கும் ஜலமிருந்தும் குடிக்கத்தக்க ஜலம் அரிதாகிவிடும். முகையூர்ப் பகுதிக் குடியானவர்கள் இதை நன்கறிவார்கள். பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்துக் கலங்கலைத் தெளியவைக்கும் பழைய வழக்கத்தை மூடப்பழக்கமென்று சிலர் ஒதுக்குகின்றனர். அது சரியன்று, இதற்குப் பௌதிக சாஸ்திரத்தில் தக்க காரணமுண்டு.

களிமண்ணின் நுண்துகள்கள் யாவும் ஒரே வகை மின்சாரமுடையவை. ஆகவே அவை ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு, நாட்கணக்காகப் படியாமல் மிதக்கின்றன. தேற்றாங்கொட்டையிலோ சர்க்கரை அணுக்கூட்டங்கள் நூற்றுக்கணக்கில் கோக்கப்பட்ட நீண்ட சங்கிலிகள் இருக்கின்றன. நீரில் அச்சங்கிலி ஓயாது நெளிந்துகொண்டிருக்கும். துகளின்மேல் ஒட்டினால் அந்த நெளியும் சுதந்திரத்தை அது ஓரளவு இழக்கவேண்டும். ஒட்டுவதால் வரும் லாபம் இந்நஷ்டத்தை மிஞ்சினாலன்றி அது ஒட்டாது. ஒட்டியபின்போ எளிதில் விடாது. ஒவ்வொரு பிடியும் பலவீனமே. ஆனால் எல்லாப் பிடிகளும் ஒரே சமயத்தில் நழுவினால்தான் சங்கிலி விலகும். பாகற்கொடியின் ஒரு சுருளை அவிழ்த்தாலும் மற்றவை வேலியை விடாதது போலவே இதுவும். இத்தகைய சங்கிலிகளின் போக்கை ஆராய்ந்த பிரெஞ்சு விஞ்ஞானி பியர்-ழில் த ழென் என்பவருக்கு 1991-ல் நோபல் பரிசு கிடைத்தது.

சங்கிலி முழுதும் துகளின்மேல் படிந்துவிடுவதில்லை. சில பாகங்கள் வளையங்களாகவும் வால்களாகவும் நீரில் நீண்டு, அடுத்த துகளையும் பற்றிக்கொள்ளும். இப்படிப் பல துகள்கள் திரண்டு கனத்து அடியில் படிகின்றன.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். அதிகம் உரைத்தால் அதிகம் தெளியுமென்று எண்ணுதல் கூடாது. சங்கிலிகள் மிகுந்து ஒவ்வொரு துகளையும் முற்றிலும் போர்த்திவிட்டால், பக்கத்துச் சங்கிலி பற்ற இடமிராது; ஜலம் மறுபடியும் கலங்கலாகவே நிற்கும். கலங்கலின் தன்மை இடத்துக்கிடம் மாறுவதால் ஒரே அளவு எங்கும் பொருந்தாது. நாலு செம்புகளில் ஒரே ஜலத்தை நிரப்பி, வெவ்வேறளவு உரைத்துக் கலக்கி அசையாமல் வைத்து, எது நன்றாய்த் தெளிகிறதோ அவ்வளவையே கைக்கொள்க.

தெளிந்த ஜலமெல்லாம் சுத்த ஜலமாகாது என்பதைக் கிராம உத்தியோகஸ்தர்கள் ஜனங்களுக்கு விளங்கச் சொல்லவேண்டும். நோய்க்கிருமிகளில் ஒரு பகுதியே வண்டலோடு இறங்கும். சலவைத்தூள் இடுவதானாலும் தெளிந்தபின்பே இடுதல் நலம். சேற்றுத் துகள்கள் கிருமிகளுக்கு மறைவிடமாகும். குடிப்பதற்கு, வண்டலைக் கலக்காமல் மேல்நீரை மட்டும் துணியில் வடித்து நன்கு கொதிக்கவைத்து ஆற்றிக்கொள்க.