ஸ்டிக்கருக்கு முதலில் வேண்டியது கத்தி

2021ஆம் ஆண்டு தாம்பரம் மாநகராட்சியோடு இணைக்கப்பட்ட அனகாபுத்தூர், வீட்டையே பட்டறையாக்கிக்கொண்ட நெசவாளர்களின் ஊர். வாழைநார் கலந்து நெய்யும் புடவைகளால் இன்றும் பெயர் பெற்றிருப்பது. அத்தகைய சிறுதொழில்களுக்கான லேபிளையும், கொலுவுக்கும் திருமணத்துக்கும் வருவோருக்குத் தாம்பூலத்தோடு கொடுக்கும் ஃபிரிட்ஜ் காந்தத்தையும் ஐம்பது, நூறு என்ற அளவில் வீட்டிலேயே செய்துகொள்ள விரும்புவோர் முதலில் பிரிண்டரைப் பற்றியே விசாரிக்கின்றனர். ஆனால் பண்டத்தின் நேர்த்தி பெரும்பாலும் வெட்டும் கருவியின் கையில்தான் இருக்கிறது.

ஸ்டிக்கர் தாள் என்பது மேல்தாள், பசை, அடித்தாள் என்னும் மூன்றடுக்கு. அடித்தாளைத் தொடாமல் மேலுள்ள இரண்டை மட்டும் அறுப்பதை அச்சுத் தொழிலில் ‘ஹாஃப் கட்’ என்பர். கணினியில் வரைந்த வடிவத்தின்படி நுண்கத்தியை நகர்த்தி இதைச் செய்யும் பிளாட்டர்களில் கிரிகட், சில்லவுட் கேமியோ முதலியவை வீட்டுக்கு ஏற்றவை. அச்சிட்ட தாளின் ஓரங்களிலுள்ள கறுப்புக் குறிகளை ஒளியுணரியால் படித்து, படம் எங்கே விழுந்திருக்கிறது என்று கணக்கிட்ட பிறகே இவற்றின் கத்தி இறங்குகிறது. பளபளப்பான லேமினேஷன் ஒளியைத் திருப்பியடித்து உணரியைத் தடுமாறச் செய்தால், குறிகளின்மேல் பளபளப்பற்ற செலோடேப்பை ஒட்டினால் போதும். அழுத்தம் சற்று மிகுந்தாலும் அடித்தாள் அறுபடுமாதலால், தாளின் வகை மாறும்போதெல்லாம் ஓரத்தில் ஒரு சிறு சதுரத்தை வெட்டிப் பார்த்துவிடுவது நல்லது.

பிரிண்டரில் பார்க்க வேண்டியது மை. கரைந்த நிலையிலுள்ள சாய மை பளிச்சென்று துலங்கினாலும் ஈரம் பட்டால் கசியும்; நுண்துகளாக மேற்பரப்பில் படியும் நிறமி மை நீரையும் வெயிலையும் கூடுதலாகத் தாங்கும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் சென்னைப் புறநகரின் காற்றிலேயே தாள் ஈரம் உறிஞ்சிச் சுருண்டு பிரிண்டரில் சிக்குவதால், மீதித் தாளைக் காற்றுப்புகாத உறையில் வைத்தல் வேண்டும். லேசர் பிரிண்டரோ வண்ணத்தூளை வெப்பத்தால் உருக்கிப் பதிப்பது. அதற்கென்று தயாரிக்கப்படாத வினைல் தாள் உள்ளேயே உருகிக் கருவியைக் கெடுத்துவிடும் என்பதால், பாரிமுனை ஆண்டர்சன் தெருவின் தாள் கடைகளில் இதைக் கேட்டுத் தெளிந்தே வாங்க வேண்டும். ஆயிரக்கணக்கில் தேவைப்படுவோருக்குச் சிவகாசியின் ஆஃப்செட் அச்சகங்களே சிக்கனம்.

ஃபெரைட் தூளை ரப்பர் போன்ற பொருளில் கலந்து தகடாக்கியதே காந்தத் தாள். அதை பிரிண்டருக்குள் செலுத்துவதைவிட, அச்சிட்ட ஸ்டிக்கரை அதன்மேல் ஒட்டி வெட்டுவது கருவிக்குப் பாதுகாப்பு. அரை மில்லிமீட்டரும் அதற்கு மேலும் தடித்த தாளை அறுக்க வீட்டுப் பிளாட்டர் திணறும். செவ்வகக் காந்தங்கள் மட்டுமே செய்யப்போகும் குடும்பத்துக்கு உலோக அடிக்கோலும் கூரான கட்டரும் போதும், பிளாட்டர் வாங்க வேண்டியதே இல்லை.