மைக்கென்று விட்ட இடம்

மைப் பேனாவால் செய்தித்தாளின் ஓரத்தில் எழுதிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: கோடு ஊறிப் பரவும். இரண்டு கோடுகள் கூடும் மூலையில் மை தேங்கி, எழுத்தே அடைத்துக்கொள்ளும்.

அமெரிக்க டெலிபோன் டைரக்டரிகளில் இது ஒரு காலத்தில் பெரிய தொல்லையாக இருந்தது. மட்டமான தாள், அதிவேக அச்சு, 6 பாயின்ட் எழுத்து. அதாவது, உயரம் இரண்டு மில்லிமீட்டர் சொச்சம். 1930களிலிருந்து புழங்கிய பெல் காதிக் எழுத்துரு ஈய அச்சுக்காக வரைந்தது. ஒளியால் எழுத்துக் கோக்கும் இயந்திரங்கள் வந்ததும் அதன் கோடுகள் மெலிந்து அறுந்தன. அச்சகத்தார் மையைக் கூட்டினார்கள். அறுந்தவை சேர்ந்தன, ஆனால் 6, 8 போன்ற எண்களின் கண்கள் அடைபட்டன. ஓர் எண்ணைத் தவறாகப் படித்தால் அழைப்பு வேறு வீட்டுக்குப் போய்விடும்.

புதிய எழுத்துரு வரையும் பொறுப்பு மாத்யூ கார்ட்டருக்கு வந்தது. இளம் வயதில் நெதர்லாந்தின் என்ஷெடே அச்சகத்தில், எஃகில் கையால் எழுத்து வெட்டப் பழகியவர் அவர். மையைத் தடுக்க அவர் முயலவில்லை. அது வந்து தங்க இடம் விட்டார். கோடுகள் கூடும் மூலைகளிலெல்லாம் எழுத்தின் உடலைக் குடைந்தெடுத்தார். பெரிதாக்கிப் பார்த்தால் எலி கடித்தது போலிருக்கும். 6 பாயின்டில் அச்சிட்டால் மை அந்தக் குடைவுகளை நிரப்பிவிடும். கண்ணுக்குத் தெரிவது முழு எழுத்து. அவர் வரைந்தது பாதி, மை வரைந்தது மீதி! அச்சுக்கலையில் என்னை இவ்வளவு வியக்க வைத்தது வேறில்லை.

எழுத்தின் ஒவ்வொரு புள்ளியையும் கட்டம் போட்ட தாளில் அவர் கையால் குறித்தார். 1978-இல் வந்த அந்த எழுத்துருவுக்கு பெல் சென்டெனியல் என்று பெயர். 2011-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அதைத் தன் சேகரிப்பில் சேர்த்தது.

இன்றைய வடிவமைப்பாளர்கள் பலர் அதே குடைவுகளைச் சுவரொட்டி அளவில் அலங்காரமாக வைக்கிறார்கள். பார்க்க அழகுதான். ஆனால் அங்கே மைக்கு அந்த இடம் தேவையில்லை. தேவைப்படும் இடம் நம் செய்தித்தாளின் வரி விளம்பரப் பக்கம். மெய்யெழுத்தின் புள்ளி எழுத்தோடு ஒட்டி, ஞகரத்தின் சுழி அடைபட்டுக் கிடப்பதை அங்கே பார்க்கலாம். தமிழ் எழுத்துரு வரைபவர்கள் கார்ட்டரின் குடைவை முதலில் அந்தச் சிறிய எழுத்துகளில் முயன்று பார்க்க வேண்டும்.