கீரைக் கட்டும் குருதிக் கணக்கும்

கண்டி மத்திய சந்தைக்குக் காலை வேளையிற் செல்வோரைப் பச்சைப் பசேலென்று அடுக்கி வைத்த கீரைக் கட்டுகள் வரவேற்கும். வல்லாரை, பொன்னாங்கண்ணி, கங்குன், அகத்தி என அவற்றுள் எத்தனையோ வகை. மலிவான பொருளென்று அவற்றைத் துச்சமாய் எண்ணுவாரும் உளர். ஆனால், இரத்தப் பரிசோதனைத் தாளில் 'ஹோமோசிஸ்டீன்' என்ற புதுப்பெயரைக் கண்டு கலங்கும் குடும்பத்தினர், இக்கீரைக் கட்டையும் சற்று நினைத்துப் பார்த்தல் நலம்.

ஹோமோசிஸ்டீன் என்பது யாது? நாம் உண்ணும் புரதத்தில் மெதியோனின் என்றோர் அமினோ அமிலம் உண்டு. உடல் அதனைப் பயன்படுத்தும்போது இடையிலே தோன்றும் பொருளே ஹோமோசிஸ்டீன். அமெரிக்க இரசாயன அறிஞர் வின்சென்ட் டு விக்னோ, தம் துணைவர் ஒருவருடன் சேர்ந்து 1932ஆம் ஆண்டில் இதனை உலகுக்கு அறிவித்தார்.

கொழும்பிலிருந்து வரும் புகையிரதப் பாதை பேராதனைச் சந்தியில் இரண்டாகப் பிரிந்து, ஒன்று கண்டிக்கும் மற்றொன்று பதுளைக்கும் செல்வதை நம் மாணவர் அறிவர். ஹோமோசிஸ்டீனுக்கும் அவ்வாறே இரு பாதைகள். ஒரு பாதையில் அது மீண்டும் மெதியோனினாக மாறும்; அதற்குப் போலேற் சத்தும் விற்றமின் பி12உம் ஒருங்கே வேண்டும். மற்றப் பாதையில் அது சிஸ்டீன் என்னும் வேறோர் அமினோ அமிலமாகச் செல்லும். அதற்கு விற்றமின் பி6 வேண்டும். இச்சத்துகள் குறைந்தால், வழியடைபட்ட வண்டிகள் சந்தியிலே நிற்பதுபோல் ஹோமோசிஸ்டீன் இரத்தத்தில் தேங்கும். ஒரு லீற்றருக்கு 5 முதல் 15 மைக்றோமோல் வரை இயல்பான அளவென்று பொதுவாகக் கொள்வர். சிறுநீரக நோய், புகைத்தல், முதுமை, பரம்பரை இயல்பு ஆகியனவும் அதனை உயர்த்த வல்லன.

போலேற் சத்தைத் தேடிய கதை நம் பக்கத்து நாட்டிலே தொடங்கியதாகும். 1928இல் பம்பாய்க்கு வந்த ஆங்கிலப் பெண் வைத்தியர் லூசி வில்ஸ், ஆலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்கள் கர்ப்ப காலத்திலே கடும் இரத்தச் சோகையால் வாடுவதைக் கண்டு மனம் வருந்தினார். பம்பாயில் மட்டுமன்றி, நீலகிரிக் குன்னூரிலும் சென்னைக் கோஷா ஆஸ்பத்திரியிலும் அவர் ஆய்வு நடத்தினார். விலை மலிந்த 'மாமைட்' என்னும் மதுவச் சாறு அந்நோயைத் தீர்ப்பதை 1931இல் வெளியிட்டார். அச்சாற்றில் மறைந்திருந்த சத்தே போலேற். 1941இல் பசளிபோன்ற ஒரு கீரையிலிருந்து அதனைப் பிரித்தெடுத்த அறிஞர், இலை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்தே அதற்குப் பெயர் சூட்டினர்.

அந்த மாமைட் கண்டிக்கு அண்மையிலும் ஒரு தொண்டு புரிந்ததுண்டு. 1934-35இல் இலங்கையை உலுக்கிய மலேரியாக் கொள்ளைநோய் ஏறத்தாழ 80,000 உயிர்களைப் பலிகொண்டது. கேகாலை மாவட்டம் பெருந்துயருற்றது. அங்கே பணியாற்றிய சூரியமல் இயக்கத் தொண்டர்கள், காய்ச்சலோடு பட்டினியும் சேர்ந்தே மக்களைக் கொல்வதை உணர்ந்து, மாமைட்டைச் சிறு உருண்டைகளாக உருட்டி நோயாளருக்கு வழங்கினர். மருந்துக்குத் துணையாக ஊட்டமும் வேண்டும் என்பதை அவர்கள் செயலிற் காட்டினர்.

இருதய நோய்க்கும் ஹோமோசிஸ்டீனுக்கும் என்ன தொடர்பு? பரம்பரைக் குறையால் ஹோமோசிஸ்டீன் மிகுந்து இறந்த இரு குழந்தைகளின் இரத்தக் குழாய்கள் முதியோருடையனபோல் தடித்திருந்ததை, அமெரிக்க வைத்தியர் கில்மர் மக்கலி 1969இல் எடுத்துக்காட்டினார். பின்னர் நடந்த பல ஆய்வுகளும், இவ்வளவு மிகுந்தோரிடையே மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதலாக இருப்பதைக் காட்டின. அப்படியாயின் மாத்திரையால் அதைக் குறைத்தால் நோய் குறையுமன்றோ என்று உலகம் எதிர்பார்த்தது. 2006இல் வெளியான இரு பெரும் பரிசோதனைகளில், விற்றமின் மாத்திரைகள் ஹோமோசிஸ்டீனைக் குறைத்தன, மாரடைப்பைக் குறைக்கவில்லை! பக்கவாதத்தில் மாத்திரம் சிறிது நன்மை தென்பட்டது. 2015இல் சீனாவில், இரத்த அழுத்தம் மிக்க 20,000க்கு மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வும் பக்கவாதம் பற்றி அதே நம்பிக்கையைத் தந்தது. ஆகவே, ஹோமோசிஸ்டீன் உயர்வை ஓர் எச்சரிக்கை விளக்காகக் கொள்ளலாம். விளக்கை அணைத்தால் மட்டும் விபத்து நீங்கிவிடாது. இரத்த அழுத்தம், நீரிழிவு, கொழுப்பு, புகைத்தல் ஆகியவற்றைக் கவனியாது இவ்வோர் எண்ணையே துரத்துவது வீண் செலவு.

எனினும், போலேற் சத்து ஐயமின்றி உயிர் காக்கும் இடம் ஒன்றுண்டு. கருத்தரித்து ஏறத்தாழ 28 நாட்களுக்குள் சிசுவின் மூளையும் முள்ளந்தண்டு வடமும் உருவாகும் நரம்புக் குழாய் மூடிக்கொள்ள வேண்டும். தான் தாயாகப் போவதைப் பெண் அறியுமுன்பே அந்நாட்கள் கழிந்துவிடுவதுண்டு. முன்பு இக்குறையுடைய குழந்தையைப் பெற்ற தாய்மார் போலிக் அமிலம் உட்கொண்டபோது, அக்குறை மீண்டும் நேர்வது 72 சதவீதம் குறைந்தமையை 1991இல் பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிச் சபை நிறுவியது. ஆதலின் மகப்பேற்றை நாடும் பெண், கருத்தரிக்கு முன்பிருந்தே நாளொன்றுக்கு 400 மைக்றோகிராம் போலிக் அமிலம் பெறல் வேண்டும். முன்பு அத்தகைய குழந்தை பெற்றவர்க்கு அளவு கூடும். அதனை வைத்தியரே வகுப்பார். கொழுந்து பறிக்கும் மங்கைக்கும் பேராதனைப் பல்கலைக்கழகத்திற் பயிலும் மங்கைக்கும் அந்த 28 நாள் ஒன்றே. திருமணம் முடிந்ததும் அவ்விடத்துக் குடும்பநல மாதுவை நாடி ஆலோசனை கேட்பதில் வெட்கமென்ன?

இன்னோர் எச்சரிக்கையும் உண்டு. கீரையில் விற்றமின் பி12 கிடையாது. மீன், முட்டை, இறைச்சி, பால், தயிர் ஆகியவையே அதற்கு ஊற்று. இந்தியாவின் பூனாப் பகுதியில் 441 ஆடவரைச் சோதித்த ஆய்வொன்று, அவர்களிற் 67 சதவீதத்தினர்க்குப் பி12 குறைந்திருந்ததாக 2006இல் கூறிற்று. சுத்த சைவ உணவினரும், முதியோரும், நீரிழிவுக்கு மெற்போமின் மாத்திரையை நெடுங்காலம் உண்போரும் இதில் விழிப்பாயிருத்தல் வேண்டும். பி12 குறைந்தவர் போலிக் அமிலத்தை மட்டும் தாமாக வாங்கி விழுங்கினால், இரத்தச் சோகை மறைந்து சுகம்போலத் தோன்றும். நரம்புகளோ உள்ளே கெட்டுக்கொண்டிருக்கும். காலில் விறைப்பும் நடையில் தள்ளாட்டமும் கண்டால் வைத்தியரிடம் செல்லத் தாமதிக்கலாகாது.

சமையலிலும் சூட்சுமம் உண்டு. போலேற் நீரிற் கரைவது. நெடுநேரச் சூட்டில் அழிவது. கீரையை வேகவைத்து நீரை வடித்துக் கொட்டினால் சத்தும் அதனோடு போய்விடும். கண்டிப் பகுதியிலே கீரையைப் பொடியாக அரிந்து, தேங்காய்ப் பூவுடன் அடுப்பில் ஒரு புரட்டுப் புரட்டி இறக்கும் மல்லுமும், நம்மவர் அரைக்கும் வல்லாரைச் சம்பலும் எத்துணை அறிவார்ந்த முறைகள்! அத்தட்டிலே கொஞ்சம் நெத்தலிக் கருவாடோ, சைவர்க்கு ஒரு கோப்பைத் தயிரோ சேருமானால் இரு சத்தும் இணைந்துவிடும்.

நாளைச் சந்தைக்குச் செல்லும் இல்லத்தரசியர் ஒரு கட்டு வல்லாரையைக் கூடையில் இடும்போது, மணமாகவிருக்கும் மகளையும், மருந்துண்ணும் மாமியாரையும் சேர்த்தே நினைப்பாராக.