அட்லஸ் என்னும் சுமைதாங்கி



சுங்கை செம்பிலாங் என்று நம் ஊர்ப் பெயரை நாள்தோறும் சொல்கிறோம். சுங்கை என்றால் ஆறு. செம்பிலாங் என்பது முகத்துவாரச் சேற்றில் வாழும் ஒருவகைக் கெளுத்தி மீனுக்கு மலாய்க்காரர்கள் வழங்கும் பெயர். அதன் முள் குத்தினால் எப்படிக் கடுக்கும் என்பது தூண்டில் போட்டவர்களுக்குத் தெரியும். மீனின் பெயர் ஆற்றோடு சேர்ந்து ஊரின் பெயராகிவிட்டது. பெயர்கள் இப்படித்தான், ஓரிடத்தில் நிற்பதில்லை.

இன்று, உலகம் முழுவதும் நடந்து நம்மிடம் வந்து சேர்ந்த ஒரு பெயரைப் பற்றிப் பார்ப்போம். அது நம் பிள்ளைகளின் புத்தகப் பையில் இருக்கிறது. சில இரவுகளில் வாசல் விளக்கடியில் வந்து உட்காருகிறது. நம் ஒவ்வொருவர் கழுத்திலும் இருக்கிறது. அட்லஸ் என்பதே அந்தப் பெயர்.

கிரேக்க நாட்டுப் பழங்கதைகளில் டைட்டன்கள் என்ற மூத்த தேவ குலம் ஒன்று வருகிறது. அந்தக் குலத்தார் சியூஸ் என்ற தேவராஜனோடு போரிட்டுத் தோற்றார்கள். தோற்றவர்களில் ஒருவன் அட்லஸ். உலகத்தின் மேற்கு எல்லையில் நின்று வானத்தைத் தாங்கிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அவனுக்கு விதித்த தண்டனை. நம் புராணத்தில் ஆதிசேடன் பூமியைத் தாங்குகிறான். அட்லஸ் தாங்கியது பூமியை அன்று, வானத்தை. இத்தாலியில் நேப்பிள்ஸ் நகர அருங்காட்சியகத்தில் அவனுடைய பழைய பளிங்குச் சிலை ஒன்று உண்டு. அதன் தோளிலுள்ள உருண்டையில் நட்சத்திர மண்டலங்களையே செதுக்கியிருக்கிறார்கள்.

அவனைப் பற்றிய கதைகளில் ஒன்று நமக்கு மிகவும் நெருக்கமானது. ஹெராக்ளிஸ் என்ற வீரனுக்குப் பொன் ஆப்பிள்கள் தேவைப்பட்டன. "நான் போய்க் கொண்டுவருகிறேன், அதுவரை வானத்தை நீ பிடித்துக்கொள்" என்றான் அட்லஸ். வீரனும் ஒப்புக்கொண்டான். பழத்தோடு திரும்பிய அட்லஸுக்கு மீண்டும் அந்தச் சுமையை ஏற்க மனமில்லை. ஹெராக்ளிஸ் பார்த்தான். "சரி, நானே தாங்குகிறேன். தலையில் வைக்க ஒரு சும்மாடு மட்டும் சுற்றிக்கொள்கிறேன், ஒரு கணம் பிடி" என்றான். அட்லஸ் பிடித்தான். ஹெராக்ளிஸ் பழங்களை எடுத்துக்கொண்டு போயே போய்விட்டான்! தண்ணீர்க் குடத்தையும் விறகுக் கட்டையும் தலையில் சுமந்த நம் பாட்டிமார்கள் இந்தக் கதையைக் கேட்டிருந்தால், சும்மாட்டின் அருமை கிரேக்கனுக்கும் தெரிந்திருக்கிறதே என்று சிரித்திருப்பார்கள்.

அட்லஸுக்குப் பெண்மக்கள் எழுவர். அவர்கள் வானத்தில் ஒரு நட்சத்திரக் கூட்டமாயினர் என்கிறது கிரேக்கக் கதை. அந்தக் கூட்டத்தை நாமும் நன்கு அறிவோம். முருகப் பெருமானை வளர்த்த கார்த்திகைப் பெண்கள் என்று நாம் சொல்வது அதே நட்சத்திரங்களைத்தான். கார்த்திகை மாதத்தில் அந்தி மயங்கியதும் கிழக்கே பார்த்தால் அந்தச் சிறு கொத்து தெரியும். நாம் அறுவர் என்கிறோம், அவர்கள் எழுவர் என்றார்கள், வானம் ஒன்றுதான்.

இனி வரலாற்றுக்கு வருவோம். வட ஆப்பிரிக்காவில் மொரோக்கோ, அல்ஜீரியா, துனிசியா ஆகிய நாடுகளின் வழியாக அட்லஸ் மலைத்தொடர் செல்கிறது. அட்லஸ் கல்லாகி மலையானான் என்று ஒரு கதை. அதன் உயர்ந்த சிகரமான தூப்கால் 4,167 மீட்டர். நம் சபாவின் கினபாலு மலையைவிடச் சற்றே உயரம். அதற்கு அப்பாலுள்ள பெருங்கடலை அட்லஸின் கடல் என்றார்கள். அதுவே அட்லாண்டிக் ஆயிற்று.

பிள்ளைகளின் பையில் இந்தப் பெயர் நுழைந்தது எப்படி? மெர்காட்டர் என்பவர் 1512ஆம் ஆண்டு பிளாண்டர்ஸ் நாட்டில் பிறந்த நிலப்பட அறிஞர். அவர் தொகுத்த நிலப்பட நூல், அவர் மறைந்த மறு ஆண்டு, 1595இல் வெளிவந்தது. அதற்கு 'அட்லஸ்' என்று பெயர் வைத்திருந்தார். தண்டனை பெற்ற டைட்டனை அவர் எண்ணவில்லை. வானநூல் கற்று முதன்முதலில் வான உருண்டை செய்தவன் என்று கதைகள் புகழும் அட்லஸ் என்ற ஆப்பிரிக்க அரசனைப் போற்றியே அவ்வாறு பெயரிட்டார். அன்றுமுதல் நிலப்படத் தொகுப்பு எதுவானாலும் அட்லஸ்தான்.

இயற்கையில் இந்தப் பெயரைத் தாங்கியவை நம் தோட்டத்துப் பக்கமே இருக்கின்றன. செம்பழுப்பு நிறத்தில், இறக்கை விரித்தால் 25 சென்டிமீட்டர் வரை அகலமுள்ள ஓர் அந்துப்பூச்சி உண்டு. பள்ளிப் பிள்ளையின் அடிக்கோலுக்குச் சற்றே குறைவு! சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1758இல் இதற்கு அட்லஸ் என்று பெயரிட்டார். இதன் இறக்கை முனைகள் பாம்புத் தலைபோல் தோன்றும். பறவைகளை அது மிரட்டும். சில வீடுகளில் நம்மையும் மிரட்டிவிடுகிறது. ஆவி வந்திருக்கிறது என்று பயப்படுகிறோம், அல்லது துடைப்பத்தை எடுக்கிறோம். இரண்டும் வேண்டாம். இந்தப் பூச்சி கடிக்காது, கொட்டாது. உண்பதற்கு உதவும் வாயே அதற்கு இல்லை. கொய்யா இலை போன்றவற்றைத் தின்று, புழுப் பருவத்தில் சேர்த்த கொழுப்பை வைத்துக்கொண்டு ஓரிரு வாரம் மட்டுமே வாழ்கிறது. அதற்குள் துணை தேடி முட்டையிட வேண்டும். விளக்கை அணைத்துவிட்டால் தன் வழியே போய்விடும்.

மூன்று கொம்புள்ள பெரிய கறுப்பு வண்டு ஒன்றுக்கும் அட்லஸ் என்றுதான் பெயர். இதன் புழுக்கள் மக்கிய மரத்தில் வளர்கின்றன. செம்பனைக் குருத்தைத் துளைப்பது இதைவிடச் சிறிய, ஒற்றைக் கொம்புள்ள காண்டாமிருக வண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கடைசியாக, நம் கழுத்து. கழுத்தில் ஏழு எலும்புகள் அடுக்கியிருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலே, மண்டையோட்டைத் தாங்கும் முதல் எலும்பின் பெயர் அட்லஸ். அது மோதிரம்போல் வளையமானது. ஏறத்தாழ 5 கிலோ எடையுள்ள தலை அதன்மேல் உட்கார்ந்திருக்கிறது. 'ஆம்' என்று தலையசைக்கும்போது மண்டையோடு இந்த வளையத்தின்மேல் அசைகிறது. 'இல்லை' என்னும்போது வளையமே அடுத்த எலும்பின்மேல் திரும்புகிறது. அதன் நடுவே தண்டுவடம் இறங்குகிறது. மூளையின் கட்டளைகள் கை கால்களுக்குச் செல்லும் பாதை அதுதான்.

இதை அறிவதால் ஓர் உயிரையே காக்கலாம். தோட்டச் சாலையில் ஒருவர் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தால், நாம் பதறி ஓடித் தலையைத் தூக்கி நிமிர்த்துகிறோம், தண்ணீர் புகட்டுகிறோம். கழுத்தெலும்பு முறிந்திருந்தால், நாம் செய்யும் அந்த உதவியே தண்டுவடத்தை நசுக்கி அவரை முடமாக்கிவிடும். ஆகவே மூச்சு இருக்கிறதா என்று பாருங்கள். தலையும் கழுத்தும் அசையாதபடி இரு கைகளால் பிடித்துக்கொள்ளுங்கள். 999க்கு அழையுங்கள். நெருப்பு, வாகனம் போன்ற ஆபத்து நெருங்கினாலொழிய அவரை நகர்த்தாதீர்கள்.

தமிழ்நாட்டுச் சாலையோரங்களில் சுமைதாங்கிக் கல் என்று ஒன்று இருக்கும். வயிற்றில் பிள்ளையோடு இறந்த பெண்ணின் நினைவாக அதை நட்டார்கள். தலைச்சுமையோடு வருபவர் பிறர் கை உதவியின்றி அதன்மேல் பாரத்தை இறக்கி இளைப்பாறுவார். இறக்க முடியாத சுமையைத் தாங்கியவளின் பெயரால், மற்றவர் சுமை இறங்கியது. காண்டாக் கம்பில் பால் வாளி சுமந்த தலைமுறைக்கு இதன் பொருளை நாம் விளக்க வேண்டியதில்லை. அடுத்த முறை உங்கள் பிள்ளை அட்லஸைக் கையில் எடுக்கும்போது, அது யாருடைய பெயர் என்று சொல்லிக் கொடுங்கள்.