"கிடார் ஆம்ப்"னு கேட்காதீங்க: பழைய வால்வு ஆம்ப்ளிஃபயருக்கு ஸ்பேர் தேடிய கதை

போன மழைக்காலத்தில் எங்கள் வீதியில் ஒரு பழைய வீட்டைக் காலி செய்தார்கள். பரணிலிருந்து இறங்கிய சாமான்களில் ஒரு கிடார் ஆம்ப்ளிஃபயரும் இருந்தது. வீட்டுக்காரரின் அப்பா பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்த சொல்தா. அறுபதுகளின் கடைசியில் லீவில் வந்தபோது மகனுக்காகக் கொண்டுவந்தது. மகனுக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. "பாடுதான்னு பாரு தம்பி. பாடலேன்னா எடைக்குப் போட்டுடறேன்" என்று என்னிடம் கொடுத்தார்.

எனக்குத் தொழில் மென்பொருள். வால்வு ரேடியோ நோண்டுவது ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. இந்த ஆம்ப்பைச் சரிசெய்ய நான்கு மாதம் ஆனது. அதில் மூன்று மாதம் தப்பான பொருளைத் தேடியதில் போனது. அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் வால்வுப் பெயர்களைப் படிக்கத் தெரிய வேண்டும். உள்ளே இருந்தவை இரண்டு ஈஎல் 84, இரண்டு ஈசிசி 83, ஒரு ஈஇஸட் 81. ஐரோப்பிய வால்வுப் பெயரில் ஒவ்வொரு எழுத்துக்கும் பொருள் உண்டு. முதல் எழுத்து 'ஈ' என்றால் உள்ளே இருக்கும் ஹீட்டருக்கு 6.3 வோல்ட். அடுத்து 'எல்' என்றால் ஸ்பீக்கரை ஓட்டும் பவர் வால்வு, 'சிசி' என்றால் ஒரே கண்ணாடிக்குள் இரண்டு ட்ரையோடு, 'இஸட்' என்றால் ஏசியை டிசி ஆக்கும் ரெக்டிஃபயர். எண் 8-ல் தொடங்கினால் ஒன்பது பின் உள்ள சின்ன பேஸ். அமெரிக்கர்கள் இதே ஈசிசி 83-ஐ 12ஏஎக்ஸ்7 என்பார்கள், ஈஎல் 84-ஐ 6பிக்யூ5 என்பார்கள். பெயர் வேறு, ஆள் ஒன்றுதான்.

இது தெரியாமல் கடைக்குப் போனால் என்ன ஆகும்? சென்னை ரிச்சி தெருவில் ஒருவர் "அதேதான் சார், ஒரே சைஸ்" என்று ஒரு பிஎல் 84-ஐ நீட்டினார். பார்க்க அச்சு அசலாக ஈஎல் 84 மாதிரியே இருக்கும். ஆனால் முதல் எழுத்து 'பி'. பழைய டிவி செட்டில் எல்லா ஹீட்டரையும் வரிசையாக இணைத்து ஓட்டுவதற்காகச் செய்த வகை அது. ஹீட்டருக்கு 15 வோல்ட் வேண்டும். 6.3 வோல்ட்டில் அது சரியாகச் சூடாகவே ஆகாது. ரஷ்ய 6என்2பி-யும் இப்படித்தான். குணத்தில் ஈசிசி 83-க்கு நெருக்கம், ஆனால் ஹீட்டர் பின்களின் அமைப்பு வேறு. சாக்கெட் வயரிங்கை மாற்றாமல் அப்படியே செருக முடியாது.

அதைவிட முக்கியமான பாடம் ஒன்று உண்டு. கடையில் "கிடார் ஆம்ப் ஸ்பேர்" என்று கேட்டால் ஒன்றும் கிடைக்காது. நம் ஊரில் வால்வு கிடார் ஆம்ப் வைத்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆனால் இதே ஈஎல் 84 அந்தக் காலத்து வால்வு ரேடியோக்களில் இருந்தது. ஈசிசி 83 ரேடியோகிராமிலும், ஸ்பூல் டேப் ரெக்கார்டரிலும், கல்யாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் கட்டிய மைக் செட்டிலும் இருந்தது. பெங்களூரின் பாரத் எலக்ட்ரானிக்ஸ் அறுபதுகளிலிருந்து இந்த வகை வால்வுகளை இங்கேயே தயாரித்தது. 'பெல்' என்று அச்சடித்த பழைய ஸ்டாக் இன்னும் சில டிராயர்களில் தூங்குகிறது. அதனால் "பழைய ரேடியோ, மைக் செட் சாமான் இருக்கா?" என்று கேளுங்கள். பதிலே மாறிவிடும். நம்ம மகாத்மா காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில்கூட எனக்கு ஒரு செத்த ரேடியோவிலிருந்து நல்ல ஈஇஸட் 81 ஒன்று கிடைத்தது.

இனி என் முட்டாள்தனம். ஆம்ப்பில் சத்தம் கரகரத்தது. வால்வு போய்விட்டது என்று நானே முடிவு செய்து, ஆன்லைனில் புது ஈஎல் 84 ஜோடி வாங்கினேன். இப்போது புதிதாக வால்வு செய்யும் தொழிற்சாலைகள் உலகத்தில் மிகச் சில. ஸ்லோவாகியா, ரஷ்யா, சீனா என்று சுருங்கிவிட்டது. விலை நான்காயிரத்தைத் தொட்டது. செருகிப் பத்தே நிமிடத்தில் வால்வின் உள்ளே இருக்கும் தகடு அடுப்புக்கரி மாதிரி சிவந்தது. அணைப்பதற்குள் ஒன்று காலி.

முத்தியால்பேட்டையில் ஐம்பது வருடம் மைக் செட் பார்த்த ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் ஆம்ப்பைத் திறந்து பார்த்தார், மீட்டரைக்கூட எடுக்கவில்லை. "வால்வு சாவல தம்பி. நீங்கதான் வால்வைக் கொன்னுருக்கீங்க" என்றார்.

அவர் காட்டியது ஒரு சின்ன மெழுகுக் கண்டென்சர். முன் வால்விலிருந்து பவர் வால்வுக்கு ஒலியை மட்டும் அனுப்பிவிட்டு, டிசியைத் தடுக்க வேண்டியது அதன் வேலை. ஐம்பது வருடத்தில் உள்ளே இருக்கும் காகிதம் ஈரம் குடித்து, டிசி கசிய ஆரம்பித்துவிட்டது. பவர் வால்வின் கிரிட்டுக்கு பாசிட்டிவ் வோல்டேஜ் வந்தால் கரண்ட் கட்டுக்கு அடங்காமல் ஓடும், தகடு சிவக்கும். சோதிப்பதும் எளிது. பவர் வால்வுகளைக் கழற்றிவிட்டு ஆம்ப்பை ஆன் செய்து, ஈஎல் 84 சாக்கெட்டின் 2ஆம் பின்னில் டிசி வோல்டேஜ் பார்க்க வேண்டும். பூஜ்யம் வரவேண்டும். எனக்கு 11 வோல்ட் வந்தது. சில ரூபாய் பெறும் பாலியெஸ்டர் கண்டென்சர் இரண்டு போட்டதும் பூஜ்யம் வந்தது. மூன்று மாதம் நான் தேடியது வால்வு. தேடியிருக்க வேண்டியது இது.

மற்ற பாகங்களையும் இதே கண்ணோடு பாருங்கள். பெயரைத் தேடாமல், அது என்ன வேலை செய்கிறது என்று தேடுங்கள்.

பவர் சப்ளை கண்டென்சரில் 32+32 மைக்ரோஃபாரட், 350 வோல்ட் என்று எழுதியிருந்தது. அந்த அலுமினிய டப்பா இன்று கிடைக்காது. 33 மைக்ரோஃபாரட், 450 வோல்ட் இரண்டு தனித்தனியாகப் போட்டால் போதும். வோல்ட் கூடினால் நல்லதுதான். ஆனால் மைக்ரோஃபாரட்டை இஷ்டத்துக்குக் கூட்டக்கூடாது. ஈஇஸட் 81-ஐ அடுத்து வரும் முதல் கண்டென்சருக்கு 50 மைக்ரோஃபாரட்தான் எல்லை. "இரைச்சல் குறையட்டும்" என்று 220 போட்டால், ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் ரெக்டிஃபயர் அடி வாங்கும்.

வால்யூம் கன்ட்ரோலில் எழுத்துக் குழப்பம் உண்டு. இன்று கடையில் விற்பதில் 'ஏ' என்றால் லாக், 'பி' என்றால் லீனியர். பழைய ஐரோப்பியப் பாகங்களில் 'ஏ' பெரும்பாலும் லீனியர். எழுத்தை நம்பாமல் குமிழை நடுவில் நிறுத்தி மீட்டர் வைத்துப் பாருங்கள். இரு பக்கமும் சமமாக வந்தால் லீனியர்.

மெயின்ஸ் விஷயம் நம்ம ஊருக்கே உரியது. இந்த ஆம்ப்பில் 110, 127, 220 என மூன்று நிலைகள். எங்கள் வீட்டில் இரவில் 240 வருகிறது. 220-ல் வைத்தால் 6.3 வோல்ட் வரவேண்டிய ஹீட்டருக்கு 6.87 வரும், வால்வின் ஆயுள் குறையும். மெக்கானிக் சொன்ன வழி: ஒரு சாதாரண 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரின் செகண்டரியை மெயின்ஸோடு எதிர்த்திசையில் தொடராக இணைத்தால் 240 என்பது 228 ஆகிவிடும்.

அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் மட்டும் தோராயம் பார்க்கும் இடமில்லை. ஈஎல் 84 ஜோடிக்கு 8,000 ஓம், ஸ்பீக்கர் 8 ஓம் என்றால் சுற்று விகிதம் சுமார் 31.6. மைக் செட்டிலிருந்து கழற்றியது பொருந்துமா என்று பார்க்க, பிரைமரிக்கு 12 வோல்ட் ஏசி கொடுங்கள். ஸ்பீக்கர் பக்கம் 0.38 வோல்ட் அளவில் வந்தால் கணக்கு சரி. அதன் பிறகும் அது எத்தனை வாட் தாங்கும் என்று பார்க்க வேண்டும். ஸ்பீக்கரை இணைக்காமல் வால்வு ஆம்ப்பை ஒருபோதும் ஓட்டாதீர்கள்.

இன்னொன்று, இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உள்ளே 300 வோல்ட் இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சரில் அது நிற்கும். ரெசிஸ்டர் வழியாக அதை இறக்கி, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். பழைய இரண்டு பின் வயரைத் தூக்கிப் போட்டுவிட்டு, மூன்று பின் வயர் போட்டு, எர்த்தை சேஸியில் முடுக்குங்கள். கிடார் கம்பி சேஸியோடு இணைந்தது. உள்ளே ஒரு வயர் விட்டால் மின்சாரம் நேராக வாசிப்பவரின் விரலுக்குத்தான் வரும்.

"ஒரிஜினல் பாகம் இல்லாட்டி ஒரிஜினல் சத்தம் வருமா?" என்று நண்பர்கள் கேட்டார்கள். 1962-ல் லண்டனில் ஜிம் மார்ஷலின் கடைக்காரர்கள் அமெரிக்க ஃபெண்டர் பேஸ்மேன் ஆம்ப்பின் சர்க்யூட்டைப் பார்த்துத்தான் தங்கள் முதல் ஆம்ப்பைச் செய்தார்கள். முதல் வால்வாக 12ஏஒய்7-க்குப் பதில் ஈசிசி 83 போட்டார்கள். டிரான்ஸ்ஃபார்மர் உள்ளூர் சரக்கு. பிறகு பவர் வால்வும் கேடி 66, ஈஎல் 34 என்று மாறியது. அப்படிக் கிடைத்ததை வைத்துச் செய்ததில் பிறந்த சத்தத்தைத்தான் இன்று உலகம் மார்ஷல் சவுண்ட் என்று தேடுகிறது.

ஆம்ப் இப்போது பாடுகிறது. பெரியவர் ஒரு சாயங்காலம் வந்து, இரண்டு கார்டு அடித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். எடைக்குப் போடவில்லை.

மெக்கானிக்குக் கண் மங்கிவிட்டது. சாலிடர் பிடிப்பதை நிறுத்திவிட்டார். கடையை எடுத்து நடத்த ஆளில்லை. அவர் தலையில் இருப்பதில் நான் எழுதி வைத்தது கொஞ்சம்தான். அவர் கடைசியாகச் சொன்னதைச் செய்தேன்: எந்தப் பாகத்துக்குப் பதில் எதைப் போட்டேன், எந்தத் தேதியில், எந்தப் பின்னில் எத்தனை வோல்ட் வந்தது என்று ஒரு தாளில் எழுதி, பின் மூடியின் உட்புறம் ஒட்டிவிட்டேன். நீங்களும் ஒட்டுங்கள். அடுத்து அதைத் திறக்கப்போகிறவர் மூன்று மாதம் வேறெதையோ தேடி அலைய வேண்டாம்.