சங்கு ஊதட்டும், பிறகு வாங்கலாம்

கோலார் தங்கவயலில் நந்திதுர்க் சுரங்கம் ஓடிய நாள்களில் ஷிப்டுக்கு ஷிப்ட் சங்கு, அதாவது சைரன், ஊதும். 2001-இல் தங்கவயல் சுரங்கங்கள் மூடப்பட்டதோடு அதுவும் ஓய்ந்தது. இன்று அங்கே லேப்டாப்பில் இசையமைக்கக் கிளம்பும் பிள்ளைகள், எந்த சாஃப்ட்வேர் சிந்தசைசரைப் போடுவது என்று குழம்பினால், என் யோசனை ஒன்றுதான்: அதில் அந்தச் சங்கை ஊதவைத்துப் பாருங்கள்.

சங்கே ஒரு பழைய சிந்தசைசர்தான். 1819-இல் பிரான்ஸின் கான்யார் த லா தூர், துளையிட்ட தட்டைச் சுழற்றிக் காற்றைத் துண்டு துண்டாக வெளியே விட்டார். 12 துளை, நொடிக்கு 40 சுற்று என்றால் 480 ஹெர்ட்ஸ் சுரம். வேகம் ஏற ஏறச் சுரமும் ஏறும்.

மென்பொருளில் இதற்குப் பல்ஸ் அலையை எடுங்கள். சுரத்தை ஏற்ற ஓர் என்வலப் வேண்டும்; அது நேர்க்கோடாக ஏறினால் பொம்மைச் சத்தம்தான் வரும். மோட்டார் முதலில் சட்டென்று வேகம் பிடித்து, உச்சத்தை நெருங்கும்போது நிதானிக்கும். அந்த வளைவை வரையவிடாத சிந்தசைசரில் கமகமும் சரியாக வராது. கட்டையிலிருந்து விரலை எடுத்ததும் ஒலி அறுந்துவிடக் கூடாது. சுரம் இறங்கி முடியும்வரை சத்தம் தாங்க, ஒலியளவின் ரிலீஸை நீட்டி வையுங்கள்.

இனிதான் உண்மையான சோதனை. சுரத்தை 4,000 ஹெர்ட்ஸ்வரை இழுத்துக்கொண்டு போங்கள். பல்ஸ் அலையில் அடிப்படைச் சுரத்தின் மடங்கு அதிர்வுகளும் உண்டு. பத்தாவது மடங்கு 40,000. நொடிக்கு 44,100 மாதிரி எடுக்கும் கணினியால் 22,050-க்கு மேல் எதையும் காட்ட முடியாது. கவனமில்லாமல் எழுதிய மென்பொருளில் அந்த 40,000 மடங்கித் திரும்பி 4,100-ஆக ஒலிக்கும், அசல் சுரத்தின் பக்கத்திலேயே அபஸ்வரமாக. சங்கு மேலே ஏறும்போது உள்ளே வேறொரு சத்தம் கீழே இறங்குவது கேட்டால், அந்தச் சிந்தசைசரின் பெயரை அடித்துவிடுங்கள். ஆயிரம் பிரீசெட் தருகிறார்கள் என்பதெல்லாம் கடைக்காரர் பேச்சு.

காசு போடுவதற்கு முன் சர்ஜ் எக்ஸ்டியைப் பாருங்கள். திறமூல மென்பொருள், இலவசம். ஸ்தாயியின் பன்னிரண்டு சமப் பங்குக்கு வெளியே நம் சுருதிகளை அமைக்கவும் வழி வைத்திருக்கிறார்கள். வைட்டலுக்கும் இலவசப் பதிப்பு உண்டு. மணியோசை, எலெக்ட்ரிக் பியானோ வேண்டுமென்றால் டெக்ஸ்டு. 1983-இல் வந்த யமஹா டிஎக்ஸ்7-இன் எஃப்எம் முறை அதில் இருக்கிறது, பழைய லேப்டாப்பும் தாங்கும். பிட்ச் பெண்ட் பெரும்பாலும் இரண்டு அரைச்சுரத்துக்கே அமைந்திருக்கும். நாதஸ்வர இழுப்புக்கு அது போதாது, கூட்டிக்கொள்ளுங்கள்.

லேப்டாப் திணறினால் ஒரு கட்டைக்கான குரலடுக்கைக் குறையுங்கள்: ஏழு அடுக்கில் நாலு கட்டையை அழுத்தினால் இருபத்தெட்டு அலைகள் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. பஃபரை 512 மாதிரிகளாக வைத்தால் அதில் மட்டும் சுமார் 12 மில்லிநொடி தாமதம். வாசிக்கும்போது 128-க்கு இறக்கினால் 3. மாரிக்குப்பத்தில் பெங்களூரு வண்டி ஏறி, ஹெட்போனில் மிக்ஸிங் மட்டும் பார்த்துக்கொண்டு போகிறவர் தாராளமாக 1024 வைத்துக்கொள்ளலாம்.